பொற்கொடியின் ஹெட்போன்

உங்கள் விசாரணைக் குழுவின் அறிக்கையில் ஒரு வரி தவறாக இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள் என்று தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். அதுவும் நல்லதுதான். எனக்குப் பேச்சைவிட எழுத்து கொஞ்சம் நன்றாக வரும்.

தவறான வரி இதுதான்: "நிலையத்தில் இருந்த ஒலிச் சீரமைப்பு மென்பொருள் முறையாக நிறுவப்படாததும் ஒரு காரணம்." அதை நிறுவியவன் நான். முத்துராஜ். குளத்தூருக்கு வடக்கே ஒரு டிரஸ்ட் கட்டடத்தின் மாடியில் இயங்கும் சமுதாய வானொலியின் டெக்னீஷியன். அந்த சாப்ட்வேரில் அன்றைக்கும் கோளாறு இல்லை, இன்றைக்கும் இல்லை. நான் சொன்னதை மட்டும்தான் அது செய்தது.

அதற்கு மேல் வரியில், அறிவிப்பாளர் பொற்கொடி நிலைய விதியை மீறி ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பேசினார் என்று இருக்கிறது. அது உண்மை. அதை மாற்ற வேண்டாம்.

எங்கள் வேலை உங்களுக்குப் பழக்கமில்லாததால் கொஞ்சம் விளக்குகிறேன். ரேடியோவில் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவதில்லை. ஒருவர் மைக்கைக் கடித்துவிடுவதுபோல் கத்துவார். இன்னொருவர் சாமியிடம் வேண்டிக்கொள்வதுபோல் முணுமுணுப்பார். பின்னால் மின்விசிறி ஓடும், பக்கத்து ரைஸ்மில் ஓடும். இதையெல்லாம் அப்படியே காற்றில் விட்டால், டீக்கடைக்காரர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத் திருச்சி ஸ்டேஷனுக்குத் திருப்பிவிடுவார். நான் சேர்ந்தபோது எங்கள் நிலையம் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோலத்தான் கேட்டது. நிலைய இயக்குநர் ஷர்லி மேடம் யாரிடமோ நன்கொடை கேட்டு இந்த சாப்ட்வேரை வாங்கினார். அது கத்துகிறவரை அமுக்கும், முணுமுணுப்பவரைத் தூக்கும். மூச்சையும் மின்விசிறியையும் சலித்துத் தள்ளும். மூக்கால் பேசுகிறவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு குரலை எடுத்துக் கொடுக்கும். ஒவ்வொரு அறிவிப்பாளருக்கும் ஒரு தனி அளவு வைக்கலாம். திரையில் பெயரைத் தொட்டால் போதும், அவருடைய அளவு வந்துவிடும்.

நிறுவிய முதல் நாள் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் ஒரு பொரிச்சல். எங்கள் கம்ப்யூட்டர் பழசு, சாப்ட்வேர் கேட்கிற வேகத்துக்கு அதனால் ஓட முடியவில்லை. அதற்கு வழி உண்டு. குரலை வாங்கி, சற்று நேரம் கையில் வைத்திருந்து, பிறகு அனுப்பச் சொல்ல வேண்டும். ஒரு நொடியில் சிறு துண்டு. கேட்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. பேசுகிறவருக்குத் தெரியும், ஏனென்றால் ஹெட்போனில் அவர் குரல் அவர் வாய்க்குப் பிந்தி வரும். அப்படி வந்தால் நாக்கு இடறும். நீங்களானாலும் இடறும், உங்கள் மேலதிகாரியானாலும் இடறும்.

அன்று விவசாயச் செய்தி வாசிக்கப் போன சந்தனம் அண்ணன் "நெல்" என்ற சொல்லுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார். ஷர்லி மேடம் வெளியே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னண்ணே, நெல்லு இன்னும் நடவே முடியலயா?" என்று கேட்டார்.

"போங்கம்மா. பின்னாடி ஒருத்தன் நின்னு என்னையவே பழிச்சுக் காட்டுறான்" என்றார் அவர்.

பொற்கொடி சிரிக்கவில்லை. முகம் வெளுத்து நின்றாள். பிறகு நான் தனியாக இருந்தபோது வந்து, "அண்ணே, எனக்கு அந்த மாதிரி வராமப் பாத்துக்கங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். வல்லத்திராக்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவளுக்குத் திக்குவாய். வருகைப் பதிவில் பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன்" வராதாம், "உ" மட்டும் வருமாம். பையன்கள் அவளைக் கிக்கர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். உதைத்து உதைத்துப் பார்த்தாலும் ஸ்டார்ட் ஆகாத வண்டி. தைலமரக் காட்டுக்குள் தனியாக நின்று சத்தம் போட்டு வாசித்து வாசித்து அதிலிருந்து வெளியே வந்திருக்கிறாள். இதை வீட்டாரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை என்றாள். என்னிடம் சொன்னாள்.

ஹெட்போனே வேண்டாம் என்று விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். விட முடியாது. எங்கள் பக்கம் கரண்டு ஏறி இறங்கும், அப்போது டிரான்ஸ்மிட்டர் தானாக அணைந்துவிடும். ஸ்டூடியோவுக்குள் கதவை மூடிக்கொண்டு இருப்பவருக்கு அது தெரியாது. பொற்கொடி சேர்ந்த புதிதில் ஒரு நிகழ்ச்சி முழுவதையும் அணைந்த டிரான்ஸ்மிட்டரிடம் பேசி முடித்துவிட்டு, வியர்வையும் சிரிப்புமாக வெளியே வந்தாள்.

"அருமையா இருந்துச்சு தாயி" என்றார் சந்தனம் அண்ணன். "மொத்தம் மூணு பேரு கேட்டோம். மூணு பேரும் இங்கதான் ஒக்காந்துருக்கோம்."

அதிலிருந்துதான் அந்த விதி வந்தது. மைக் முன்னால் உட்கார்ந்தால் ஹெட்போன் காதில் இருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டர் அணைந்தால் ஹெட்போனும் ஊமையாகிவிடும்படி நான் இணைத்திருந்தேன். ஊமையானால் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் சில சமயம் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். பொற்கொடி ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. அன்று நாங்கள் சிரித்த அந்த ஒரு சிரிப்பே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

எனவே ஹெட்போனுக்கு மட்டும் தனிப் பாதை போட்டேன். வெளியே போகிற குரல் நிதானமாகப் போகும், ஹெட்போனுக்குப் போகிற குரல் உடனே போகும். இதை ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்தப் பாதையின் தாமதத்தையும் ஆளுக்கு ஆள் தனியாக மாற்றிக்கொள்ளலாம். முறையாக நிறுவவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக இதைச் சொல்கிறேன்.

பொற்கொடியின் அளவுக்குத்தான் அதிக நாள் எடுத்துக்கொண்டேன். இயல்பில் அவள் குரல் மெல்லியது, கொஞ்சம் மூக்கில் உரசும். "ச" வந்தால் சீறும். உரசலைக் கரைத்தேன், சீறலை அடக்கினேன், அடியில் இல்லாத ஒரு கனத்தைச் சேர்த்தேன். சில வாரங்களில் மாவட்டத்தில் பாதிப் பேர் அந்தக் குரலைத் தெரியும் என்றார்கள். காலை நிகழ்ச்சிக்குப் போன் மேல் போன். ஆடு மேய்க்கிற அழகி என்று ஒரு பெண், ஆவாரங்கண்மாய்க்குக் கீழே கீழக்களத்தில் இருப்பவள், தினமும் கூப்பிடுவாள். கழுத்தில் சின்ன ரேடியோவை மாட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் நின்று பேசுவாள்.

"ஏத்தா பொற்கொடி, ஒன் கொரலக் கேட்டாத்தான் என் கெடா ரெண்டு வாய் கூடத் திங்கிது."

"அப்ப கெடா விக்கிற காசுல எனக்குப் பங்கு இருக்குல்ல அத்தை?"

"வாலத் தாரேன், வாங்கிக்க."

இப்படி. ஊரே கேட்டுச் சிரிக்கும்.

நேயர் சந்திப்பு குளத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் நீங்கள் என்னைக் காரணம் இல்லாமல் செய்தவன் என்று நினைத்துவிடுவீர்கள். முன் வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "என்னம்மா, நேர்ல கேட்டாக் கொரல் வேற மாதிரி இருக்கு" என்றார். நான் மேடைக்கு ஓரத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

"ரேடியோல கேக்குறதுதாங்க என் கொரலு. இது சளி" என்றாள். கைதட்டல். பிறகு வரிசையாக நன்றி சொன்னாள். ஷர்லி மேடத்துக்கு, சந்தனம் அண்ணனுக்கு, டீ கொண்டுவருகிறவருக்கு. கடைசியில், "எங்க முத்துராஜ் அண்ணன் இல்லைன்னா கரண்டு போனா ஜெனரேட்டரப் போட ஆளே இல்லைங்க" என்றாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அழகி முன்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. இரவல் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் உண்டு. யாராவது கேட்டால், என்னுடையதுதான் என்று சொல்லிவிடுவார்கள். அதில் தவறில்லை. கல்யாணம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவளுடைய ஹெட்போன் பாதையில் ஒரு துளி தாமதம் வைத்தேன். அவள் பெயரின் கீழ் மட்டும். முதல் நாள் அவள் இரண்டு இடத்தில் தயங்கித் தொண்டையைச் செருமினாள். மறுநாள் இன்னும் ஒரு துளி. ஒரே நாளில் நிறைய வைத்தால் கருவியைச் சந்தேகிப்பார்கள் என்பதை, சாப்ட்வேர் நிறுவிய அன்று சந்தனம் அண்ணனிடமே பார்த்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் தன்னைச் சந்தேகிப்பார்கள்.

அப்படித்தான் நடந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். மிளகை மென்றாள். ஒரு நாள் வெள்ளிக்கிழமை விரதம் என்று சொல்லி மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் "க"வும் "ப"வும் வருகிற இடத்தில் அவள் உதடு தனியாக நடுங்கத் தொடங்கியிருந்தது.

"அண்ணே, மிஷின்ல ஏதும் பாத்தீங்களா?"

"மிஷினு எல்லாருக்கும் ஒண்ணுதான பொற்கொடி. சந்தனம் அண்ணன் அதே மைக்லதான் பேசுறாரு. நல்லாத்தான இருக்கு."

"வீட்ல நல்லாத்தாண்ணே பேசுறேன். பஸ்ல நல்லாப் பேசுறேன். இங்கிட்டு வந்து ஒக்காந்தாத்தான்..."

"அது பயம்" என்றேன். "சின்ன வயசுல இருந்தது முழுசாப் போயிருக்காது. எங்கயாவது ஒளிஞ்சுக்கிட்டு இருந்துருக்கும்."

அவள் தலையாட்டினாள். நான் சொன்னதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. அதைத்தான் அவளும் நினைத்திருக்கிறாள்.

நேயர்கள் இரக்கமில்லாதவர்கள், இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புகழ்ந்தவர்களே கூப்பிட்டுச் சிரித்தார்கள். ஒரு பையன் போனில் அவள் மாதிரியே திக்கிக் காட்டிவிட்டு வைத்தான். அழகி மட்டும் தொடர்ந்து கூப்பிட்டாள்.

"ஏத்தா, தொண்டையில முள்ளுகிள்ளு மாட்டிக்கிச்சா? நீ பைய்யச் சொல்லு. என் ஆடு எங்கிட்டும் ஓடிப்போயிறாது."

ஷர்லி மேடம் கடைசியில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "நேரலை வேணாம், பதிவு பண்ணித் திக்குறத வெட்டிருவமா முத்துராஜ்?" வெட்டலாம் என்றேன். அதற்குப் பிறகு பொற்கொடி பேசுவாள், நான் வெட்டி ஒட்டுவேன். அவள் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் என் கையால் ஒட்டினால்தான் வாக்கியம் என்று ஆனது. சாயங்காலம் போகும்போது, "ஒங்களாலதாண்ணே வேலையில இருக்கேன்" என்பாள். மண்டபத்தில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். அன்றே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

இனிப் புயல் நாளுக்கு வருகிறேன்.

முதல் நாள் காற்றிலேயே கரண்டு போய்விட்டது. செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஷர்லி மேடம் புதுக்கோட்டைக்குப் போனவர், ரோட்டில் மரம் விழுந்து திரும்ப முடியவில்லை. சந்தனம் அண்ணன் வரவில்லை. ஜெனரேட்டர் ஓடியது. நிலையத்தில் நானும் பொற்கொடியும் மட்டும் இருந்தோம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் செய்தி சொல்ல வேறு வழி இல்லாததால், ஆவாரங்கண்மாய் பற்றிய அறிவிப்பை அதிகாரிகள் எங்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். கீழக்களத்துக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், பாதையெல்லாம் மின்கம்பி அறுந்து கிடக்கிறது. கண்மாய்க் கரைக்கு ஆபத்து என்றால் ரேடியோவில் சொல்லப்படும். சொன்னால் உடனே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

கடைசி டவர் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் அழகி கூப்பிட்டாள். காற்றில் அவள் குரல் பிய்ந்து பிய்ந்து வந்தது. பொற்கொடி திக்கிக்கொண்டே சொன்னாள்: "அத்தை, நா... நான் சொல்ற வ... வரைக்கும் வெளிய வராதீங்க. ரேடியோவ அமத்தீராதீங்க."

"நீ சொல்லாம நான் எங்கிட்டுப் போகப்போறேன்" என்றாள் அழகி.

மறுநாள் காலையில் தலையாரி பிச்சை வந்தார். தலை முதல் கால் வரை சேறு. மாடிப்படியிலேயே கத்தத் தொடங்கிவிட்டார். "தண்ணி வழியிற கலிங்குக்குப் பக்கத்துல கரை விரிஞ்சிருச்சுங்க. கை நொழையிற அளவுக்கு விரிஞ்சிருச்சு. எந்நேரம் வேணாலும் போயிரும். நான் கீழக்களத்துக்குப் போகலாம்னு பாத்தா, ஓடையில தண்ணி கழுத்து மட்டும் போவுது. ரேடியோல சொல்லுங்க, இப்பவே சொல்லுங்க."

பொற்கொடி உள்ளே போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திரைக்கு முன்னால் இருந்தேன். ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தி அவள் பெயரைத் தொட்டேன். அவள் அளவு வந்தது. தாமதமும் வந்தது.

"கீ..." என்றாள். கீழக்களம் என்று சொல்ல வேண்டும். "கீ... கீ..."

உதடு வெளுத்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டாள். மீண்டும் "கீ". வெளியே காற்றில் அதுதான் போய்க்கொண்டிருந்தது.

தாமதத்தை எடுத்துவிட ஒரு தொடல் போதும். அதை நான் செய்யவில்லை. காரணம் எளியது. அவ்வளவு நாள் இருந்தது நடுப்பேச்சில் சட்டென்று நின்றுபோனால் காது கண்டுபிடித்துவிடும். அவள் காது நல்ல காது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்திருப்பாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்க தம்பி" என்று பிச்சை என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எனக்கு மைக் பழக்கம் இல்லைங்க."

"பழக்கமா? கரை போகப்போவுதுன்னு சொல்றதுக்கு என்னய்யா பழக்கம்?"

அவரவர்க்கு அவரவர் வேலை. அவர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு ஸ்டூடியோக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். விதிப்படி அதுவும் தவறு. அவளுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் காதுல மாட்டிருக்கதக் கழட்டி எறி தாயி. ரேடியோவ மற. என்னையப் பாரு. எங்கிட்டச் சொல்லு."

அவள் கை ஹெட்போனுக்குப் போனது. என் கை டிரான்ஸ்மிட்டர் சுவிட்சுக்குப் போனது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன என்று சொல்லலாம். டிரான்ஸ்மிட்டரில் அணைந்த நேரம் பதிவாகியிருப்பதைப் பார்த்துவிட்டு, கரண்டு ஏறி இறங்கி அணைந்தது என்று உங்கள் குழுவில் எழுதியிருக்கிறார்கள். கரண்டு அன்று ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எங்கள் ஜெனரேட்டர் நன்றாக ஓடியது. நான்தான் அணைத்தேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிச்சையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"கீழக்களத்துல இருக்குற எல்லாரும் கேளுங்க. ஆவாரங்கண்மாய்க் கரை விரிஞ்சிருச்சு. புள்ளைகளத் தூக்கிக்கிட்டு இப்பவே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. கெழக்குப் பாதையில கம்பி கெடக்கு, மேற்கால சுத்திப் போங்க. ஆடு மாட்ட அவுத்து விட்ருங்க. அழகி அத்தை, கேக்குதா? நான்தான் சொல்றேன். கெளம்புங்க."

ஒரு தடங்கல் இல்லை. திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் சுத்தமாக வந்தது. பிச்சை கையெடுத்துக் கும்பிட்டார், "நல்லா இரு தாயி" என்றார். அடுத்த ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று இறங்கி ஓடிவிட்டார்.

அவள் வெளியே வந்தாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"அண்ணே, வந்துருச்சுண்ணே. திக்கவே இல்லண்ணே. கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எல்லாம் வெளிய போச்சுல்ல?"

"போச்சு" என்றேன்.

"திரும்ப ஒரு தடவை சொல்லிருவமா?"

"பதிவு பண்ணிட்டேன். மிஷினே விட்டு விட்டுப் போட்டுக்கிட்டே இருக்கும். நீ போயித் தலையத் தொவட்டு. நடுங்குற பாரு."

பதிவு செய்தது பொய் இல்லை. ஸ்டூடியோவில் பேசுவதெல்லாம், சாப்ட்வேருக்குள் போகும் முன்பே, தானாகப் பதிவாகும். டிரான்ஸ்மிட்டரையும் திரும்பப் போட்டுவிட்டேன், நின்ற இடத்திலிருந்து பாட்டு ஓடத் தொடங்கியது. அறையில் இருந்த ரேடியோவில் பாட்டைக் கேட்டபோது அவள், "அறிவிப்பு எப்ப வரும்ணே?" என்று ஒருமுறை கேட்டாள். பாட்டுக்கு நடுவில் வரும் என்றேன். அவள் என்னை நம்பினாள், கீழே போய்ப் பால்பவுடரில் டீ போட்டாள். அவள் பாடுவது மேலே கேட்டது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறேன். தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். அந்தப் பதிவை நான் அனுப்பத்தான் இருந்தேன். வேண்டுமென்றே அனுப்பாமல் விட்டேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் கேட்டுப் பார்த்தபோது அது அனுப்பக்கூடிய நிலையில் இல்லை. அவள் மைக்கை விட்டு விலகி, பிச்சையின் பக்கம் திரும்பிப் பேசியிருந்தாள். கதவு திறந்து கிடந்ததால் மழை முழுவதும் உள்ளே விழுந்திருந்தது. குரல் அவளுடைய பழைய குரல், மூக்கில் உரசுகிற மெல்லிய குரல். நான் செய்து கொடுத்தது எதுவும் அதில் இல்லை. அதை அப்படியே விட்டால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

எனவே உட்கார்ந்து சுத்தம் செய்தேன். முதலில் மழை. மழையை எடுப்பது சுலபமில்லை, "ச"வும் "ஷ"வும் இருக்கிற இடத்தில்தான் அதுவும் இருக்கும். ஒன்றை எடுத்தால் மற்றதும் கூட வந்துவிடும். எடுத்துவிட்டு, போனதைத் திரும்ப வளர்க்க வேண்டும். பிறகு அடிக்கனம். பிறகு பிச்சையின் இருமல். இடையில் அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், ஆறிவிட்டது. கரை மத்தியானம் வரைக்கும் நின்றது என்று அறிக்கையில் இருக்கிறது. நன்றாகக் கட்டிய கரை.

உடைந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. நான் கடைசி வாக்கியத்தில் இருந்தேன்.

இறந்தவர்களின் பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன, நான் எழுத வேண்டியதில்லை. அழகி வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லையாம். ரேடியோவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கழுத்தில் கட்டியிருந்தாளாம். சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாள்.

நான் சொன்னேன், தெளிவாகச் சொன்னேன் என்று பொற்கொடி விசாரணையில் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிச்சையும் சத்தியம் செய்தார். ஆனால் காற்றில் கேட்டவர்கள் ஒருவரும் இல்லை. ஹெட்போன் போட்டிருந்தால் டிரான்ஸ்மிட்டர் அணைந்தது தெரிந்திருக்குமே என்று கேட்டார்கள். அதை எடுத்துக்கொடுத்தது நான்தான். அந்தப் பழைய சிரிப்பு அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கீழக்களத்துப் பெண்கள் வல்லத்திராக்கோட்டைக்குப் போய் அவள் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவள் கதவைத் திறந்து ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறாள். ஒன்றும் வரவில்லையாம். அதிலிருந்து ஒரு சொல்லும் பேசுவதில்லை, கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாள் என்கிறார்கள். அவள் வீட்டில் என் சாப்ட்வேர் இல்லை, ஹெட்போனும் இல்லை. இதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஆக, தாமதம் வைத்தது நான். டிரான்ஸ்மிட்டரை அணைத்தது நான். போச்சு என்று சொன்னது நான். இதில் எங்கேயாவது சாப்ட்வேர் பிழை செய்திருந்தால் காட்டுங்கள், நான் இந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன். இல்லையென்றால் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்.

பென்டிரைவில் அந்த அறிவிப்பைக் கொண்டுவந்திருக்கிறேன். இப்போது முழுதாக முடித்துவிட்டேன். நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருக்கும். மழை ஒரு சொட்டுக்கூடக் கேட்காது.